மிச்சம் மீதியும் என் வயிறும்

அடுப்படியிலிருந்து ஒரு வார்த்தை



போன இதழில் ஊறுகாய்க்கு எண்ணெய் மிதக்க மிதக்க ஊற்றச் சொன்னவள், இந்த இதழில் எண்ணெயைக் குறையுங்கள் என்று எழுத வந்திருக்கிறாளே என்று நீங்கள் சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள். ஊறுகாய் தொட்டுக்கொள்ளத்தானே, குடிக்க இல்லையே! இந்தத் தடவை சமையல் குறிப்பு ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் என் சொந்தக் கதை. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். உங்களில் நாலு பேருக்காவது இது உங்கள் கதையாகவும் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

2023-ஆம் வருஷம், ஆவணி மாதம். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி வந்து அப்போது எட்டு வருஷம். சர்க்கரைக்கு ஒரு மாத்திரை, கொலஸ்ட்ராலுக்கு ஒரு மாத்திரை. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் அவரை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போவது என் வேலை. வெறும் வயிற்றோடு போக வேண்டும், அவருக்குப் பசி தாங்காது. ஆகவே பிளாஸ்கில் காபி, டப்பாவில் நாலு இட்லி என்று நானும் துணைக்குப் போவேன். அன்றைக்கு டாக்டரம்மா அவருடைய சீட்டைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இவரைத் தவறாம கூட்டிட்டு வர்றீங்களே, நீங்க கடைசியா எப்பம்மா ரத்தம் குடுத்தீங்க?"

யோசித்துப் பார்த்தேன். 2004-இல் என் மகள் வயிற்றில் இருந்தபோது!

"எனக்கென்ன டாக்டர், கல்லு மாதிரி இருக்கேன்" என்றேன்.

"கல்லையும் ஒரு தடவை பார்த்துடுவோமே" என்று சிரித்துக்கொண்டே சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் வந்த முடிவைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை 114. மூன்று மாதச் சராசரி என்கிறார்களே, அந்த ஹெச்பிஏ1சி 6.2. மொத்தக் கொலஸ்ட்ரால் 236. அதில் கெட்டது என்று சொல்லும் எல்.டி.எல். 154. நல்லது என்று சொல்லும் ஹெச்.டி.எல். வெறும் 36, பெண்களுக்கு இது 50-க்கு மேல் இருக்க வேண்டுமாம். டிரைகிளிசரைடு என்கிற இன்னொரு கொழுப்பு 228; அது 150-க்குள் இருக்க வேண்டும். ஐந்தடி ஓரங்குல உயரத்துக்கு என் எடை 68 கிலோ. இடுப்பில் நாடாவை வைத்தார்கள், 94 சென்டிமீட்டர். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 தாண்டினாலே எச்சரிக்கை என்றார் டாக்டரம்மா.

"இது இன்னும் சர்க்கரை வியாதி ஆகலை. வெறும் வயித்துல 100-லேருந்து 125 வரைக்கும், ஹெச்பிஏ1சி 5.7-லேருந்து 6.4 வரைக்கும் இருந்தா வாசப்படியில நிக்கிறீங்கன்னு அர்த்தம். உள்ளே போகவும் செய்யலாம், திரும்பி வரவும் செய்யலாம்" என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "பிள்ளைத்தாச்சியா இருந்தப்போ சர்க்கரை இருந்துதா?"

இருந்தது! ஏழாம் மாதத்தில் சர்க்கரை என்றார்கள், இனிப்பை நிறுத்தினேன், குழந்தை நாலு கிலோவுக்குப் பிறந்தாள். "கொழு கொழுன்னு ராஜாத்தி" என்று எல்லோரும் கொண்டாடினோம். பிரசவத்துக்குப் பின் சர்க்கரை தானாகச் சரியாகிவிட்டது. நானும் மறந்தேன், வீட்டில் மற்றவர்களும் மறந்தார்கள். அப்படிச் சர்க்கரை வந்து போன பெண்களுக்கு, வராத பெண்களைக் காட்டிலும் பிற்காலத்தில் சர்க்கரை வியாதி வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகமாம். இத்தனை வருஷம் எனக்கு இது தெரியாது. கைக்குழந்தைக்காரிகளான தங்கைகள் இந்த ஒரு வரியை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்: கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்திருந்தால், பிரசவமாகி ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் ஒரு பரிசோதனை, அப்புறம் ஒன்று முதல் மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் கட்டாயம் பரிசோதனை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என் அம்மா ஞாபகம்தான். அம்மாவுக்குச் சர்க்கரை. முதலில் கால் விரல் ஒன்று போயிற்று, பிறகு சிறுநீரகம். 2011-இல், 58 வயதில் போய்விட்டாள். "விதி" என்று சொல்லித்தான் அழுதோம். அம்மா சாப்பிடும் காட்சி கண் முன்னே வந்தது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில், அடுப்படித் தரையில் உட்கார்ந்து, குழம்புச் சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிடுவாள். காய் அவள் பங்குக்கு மிஞ்சினதே கிடையாது. சோறு மட்டும் எப்போதும் மிஞ்சும்.

நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன், சகோதரிகளே. வித்தியாசம் என்னவென்றால் நான் நின்றுகொண்டே சாப்பிட்டேன்!

இன்சுலின் என்ன செய்கிறது?

டாக்டரம்மா படம் போட்டு விளக்கினார். நான் பத்தாவது வரை படித்தவள். எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன்.

நாம் சாப்பிடும் சோறும் இட்லியும் வயிற்றில் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. உடம்பின் ஒவ்வொரு அணுவும் ஒரு வீடு என்றால், அந்தச் சர்க்கரைதான் வாசலுக்கு வரும் பால். இன்சுலின் பால்காரருடைய மணி. மணி அடித்தால் வீட்டுக்காரி கதவைத் திறந்து பாலை வாங்கிக்கொள்வாள். 1921-இல் டொராண்டோவில் பாண்டிங், பெஸ்ட் என்கிற இரண்டு பேர் கண்டுபிடித்தார்களே, அதே இன்சுலின்தான். நம் வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் கணையம் அதைச் சுரக்கிறது.

இப்போது யோசியுங்கள். வீட்டில் இருக்கிற சொம்பு, குண்டான் எல்லாம் நேற்று வாங்கிய பாலாலேயே நிறைந்திருந்தால்? மணி அடித்தாலும் கதவைத் திறக்க மாட்டோம். பால்காரர் விடாமல் அடிப்பார். பத்துத் தடவை அடித்தால் ஒரு தடவை திறப்போம். இதைத்தான் இன்சுலினுக்கு உடம்பு மசியவில்லை என்கிறார்கள். கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து வருஷக்கணக்கில் சமாளிக்கும். அதுவரை ரத்தத்தில் சர்க்கரை ஏறாது, நமக்கும் ஒன்றும் தெரியாது. கணையம் களைத்துப் போகிற அன்றைக்குத்தான் சர்க்கரை வியாதி என்று பெயர் வருகிறது.

கொழுப்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நானும் கேட்டேன். மிஞ்சிப் போன சர்க்கரையை ஈரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் அனுப்புகிறது. அதுதான் டிரைகிளிசரைடு. அது ஏற ஏற நல்ல கொழுப்பு இறங்கும். வயிற்றைச் சுற்றியும் ஈரலிலும் கொழுப்பு சேரச் சேர, இன்சுலினுக்கு உடம்பு இன்னும் மசியாது. ஒன்றை ஒன்று பிடித்து இழுக்கிற சமாசாரம். "நான் நெய்யே தொடறதில்லை, எனக்கு எப்படிக் கொழுப்பு வரும்?" என்று கேட்கிறோமே, அதற்குப் பதில் நம் சோற்றுத் தட்டில் இருக்கிறது. கெட்ட கொழுப்பு என்கிற எல்.டி.எல். கதை கொஞ்சம் வேறு. உடம்பில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும் பங்கை ஈரலே தயாரிக்கிறது; நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய், பாமாயில், வனஸ்பதி இவற்றில் இருக்கும் கெட்டிக் கொழுப்பு எல்.டி.எல்லை ஏற்றிவிடுகிறது. பரம்பரையும் உண்டு. மாதவிலக்கு நிற்கும் வயதில் நம் எல்லோருக்குமே அது ஏறுகிறது.

திரும்பி வர முடியுமா?

முடியும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் வாசற்படியில் நின்ற 3,234 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்து 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். எடையில் நூற்றுக்கு ஏழு பங்கு குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிஷம் நடப்பது, இவ்வளவுதான் இலக்கு. அப்படிச் செய்தவர்களில் சர்க்கரை வியாதி வருவது 58 சதவீதம் குறைந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 31 சதவீதம்தான் குறைந்தது.

"அது வெள்ளைக்காரங்களுக்கு" என்று தள்ளிவிடாதீர்கள். நம் சென்னையிலேயே டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் 531 பேரை வைத்து மூன்று வருஷம் பார்த்து, 2006-இல் வெளியிட்டார்கள். ஒன்றும் செய்யாமல் விட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டது. சாப்பாட்டைத் திருத்தி, தினம் அரை மணி நடந்தவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. இதில் ஒரு விசேஷம், அவர்களுக்கு எடை ஒன்றும் பெரிதாகக் குறையவில்லை. அப்படியும் பலன் இருந்தது! "எவ்வளவு நடந்தாலும் எடை இறங்க மாட்டேங்குதே" என்று அலுத்துப் போய் நடையை விட்டுவிட்ட தோழிகளே, தயவு செய்து மறுபடி செருப்பை மாட்டுங்கள்.

ஆனால் 39 பேருக்கு வந்ததே என்பதையும் மறக்கக் கூடாது. முழு உத்தரவாதம் கிடையாது. வருவதைத் தள்ளிப் போடலாம், பலருக்குத் தடுக்கலாம். 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி, நம் நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி; 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் என்னைப் போல வாசற்படியில்.

முதல் சண்டை: மீந்த சோறு

டாக்டரம்மா என்னிடம், "ஒரு வாரம் வாயில போடறது எல்லாத்தையும் எழுதிட்டு வாங்க" என்றார். பிள்ளைகள் படிக்கிற நோட்டுப் புத்தகத்தில் எழுத ஆரம்பித்தேன். மூன்றாம் நாளே என் முகத்தில் நானே முழிக்க முடியவில்லை. காலையில் மூன்று இட்லி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மகன் வைத்துவிட்டுப் போன அரை இட்லி, தோசைக்கல்லில் ஓரம் முறிந்த தோசை, அத்தை வேண்டாம் என்ற பாதி வடை, மத்தியானம் மீந்த சோற்றில் மோரைவிட்டு ஒரு கிண்ணம், ராத்திரி குழம்புச் சட்டியை வழித்து ஒரு பிடி. இவை எதுவுமே என் கணக்கில் இல்லை. காபி நாலு வேளை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஸ்பூனுக்கு ஐந்து கிராம் என்றால் ஒரு நாளைக்கு 40 கிராம். மாதத்துக்கு 1 கிலோ 200 கிராம், நான் ஒருத்தி மட்டும்!

மீந்ததைச் சாப்பிட மாட்டேன் என்று சொன்ன அன்று வீட்டில் பெரிய ரகளை.

"அன்னலட்சுமியைத் தூக்கிக் கொட்டுவியா? நாங்கள்லாம் பழையது சாப்பிட்டே எம்பது வயசு வாழறோம்" என்றார் அத்தை.

"அத்தை, நீங்க பழையதும் சாப்பிட்டீங்க, நெல்லும் குத்தினீங்க, கிணத்துல தண்ணியும் இறைச்சீங்க. நான் பழையது மட்டும்தானே சாப்பிடறேன்?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ அளந்து வடி" என்றார். அதுதான் சரியான வழி! ஐந்து பேருக்கு நாலு ஆழாக்கு அரிசி போட்டுக்கொண்டிருந்தவள் இரண்டரை ஆழாக்காகக் குறைத்தேன். அந்த இடத்தில் காயைக் கூட்டினேன். மீறி மிஞ்சினால் பக்கத்துத் தெரு மாட்டுக்கு. மாடு கன்று போட்டிருக்கிறது, புண்ணியம்.

இரண்டாவது மாற்றம், எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுவது. "அவங்கவங்க போட்டுக்கட்டும்" என்று பாத்திரங்களை நடுவில் வைத்தேன். முதல் வாரம் என் வீட்டுக்காரர் கரண்டியைத் தேடினார். இரண்டாவது வாரம் கற்றுக்கொண்டார். எனக்கும் காய் கிடைத்தது.

தட்டில் என்ன மாற்றினேன்?

தட்டைக் கண்ணால் இரண்டாக வகுத்துக்கொள்ளுங்கள். பாதித் தட்டு காயும் கீரையும். மீதிப் பாதியில் ஒரு பாகம் சோறு, அதாவது வடித்த சோறு ஒரு கிண்ணம். இன்னொரு பாகம் பருப்பு, பயறு, சுண்டல், முட்டை, மீன் இவற்றில் ஏதாவது. முதலில் காய், அப்புறம் சோறு என்று சாப்பிட்டால் சர்க்கரை சட்டென்று ஏறாது. உருளைக்கிழங்கும் சேனையும் காய் பக்கம் சேராது, சோற்றுப் பக்கம்தான் என்பதை மறக்காதீர்கள்.

இங்கே எல்லோரும் விழுகிற ஒரு குழி இருக்கிறது. நானும் விழுந்தேன். சோற்றை நிறுத்திவிட்டு ராத்திரி நாலு சப்பாத்தி, காலையில் கேழ்வரகுக் களி, கம்பு தோசை என்று ஆரம்பித்தேன். அரிசி இல்லையே என்கிற தைரியத்தில் அளவு கூடிப் போயிற்று. 2025-இல் வந்த அதே மருத்துவக் கழகத்தின் ஆராய்ச்சியில், நாம் சாப்பிடும் சக்தியில் நூற்றுக்கு 62 பங்கு மாவுச் சத்திலிருந்துதான் வருகிறது என்று கண்டிருக்கிறார்கள். மொத்த மாவுச் சத்தைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை, சிறுதானியம் என்று மாற்றிக்கொள்வதால் மட்டும் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லையாம். அதில் ஒரு பங்கைப் பருப்பு, பால் போன்ற புரதமாக மாற்றியவர்களுக்குத்தான் ஆபத்து குறைவு. ஆகவே கம்பு, கேழ்வரகு நல்லதுதான், ஆனால் அளவோடு. சப்பாத்தி என்றால் இரண்டு, கூடவே பருப்புக் கூட்டு ஒரு பெரிய கிண்ணம்.

எண்ணெய் விஷயம். மாதம் ஒரு ஆளுக்கு அரை லிட்டர் என்பது டாக்டரம்மா சொன்ன கணக்கு. எங்கள் ஐந்து பேருக்கு இரண்டரை லிட்டர். நான் வாங்கிக்கொண்டிருந்தது ஐந்து லிட்டர்! இப்போது மாதம் பிறந்ததும் இரண்டரை லிட்டரை ஒரு தூக்கில் ஊற்றி வைத்துவிடுகிறேன். தீர்ந்தால் தீர்ந்ததுதான். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் இரண்டையும் மாற்றி மாற்றி உபயோகிக்கிறேன். பொரித்த எண்ணெயை மறுபடி காய்ச்சுவது கிடையாது. வனஸ்பதி, கடை கேக், பப்ஸ், கிரீம் பிஸ்கெட் இவற்றில் முன்பு கேடு விளைவிக்கும் ஒரு வகைக் கொழுப்பு அதிகம் இருந்தது. 2022 ஜனவரியிலிருந்து அது நூற்றுக்கு 2 பங்கைத் தாண்டக் கூடாது என்று அரசாங்கம் சட்டம் போட்டிருக்கிறது. நல்லதுதான். அதற்காக அவை தினம் சாப்பிடும் பண்டம் ஆகிவிடாது.

எல்.டி.எல். குறைவதற்கு வழவழப்பான நார்ச்சத்து உதவுகிறது. அவரை, கொத்தவரை, வெண்டை, கொண்டைக்கடலை, காராமணி, ஓட்ஸ் இவற்றில் அது உண்டு. சாயங்காலம் பஜ்ஜிக்குப் பதில் சுண்டல், தாளிப்புக்கு ஒரே ஒரு ஸ்பூன் எண்ணெய். ஒரு சின்னக் கைப்பிடி நிலக்கடலை. காபி இரண்டு வேளை, சர்க்கரை முதலில் ஒரு ஸ்பூன், பிறகு அரை, இப்போது இல்லை. முதல் பத்து நாள் காபியா கஷாயமா என்று இருந்தது. இப்போது யாராவது சர்க்கரை போட்டுக் கொடுத்தால் பாயசம் மாதிரி இருக்கிறது! வெல்லமும் கருப்பட்டியும் போட்டால் பரவாயில்லையா என்று கேட்காதீர்கள். உடம்புக்குள் போனால் அதுவும் சர்க்கரைதான்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்த ஒரு பலகாரம்: முழுப் பச்சைப் பயறு ஒரு ஆழாக்கு, அரிசி இரண்டு மேஜைக்கரண்டி, சேர்த்து ஆறு மணி நேரம் ஊற வையுங்கள். இஞ்சி ஒரு துண்டு, பச்சை மிளகாய் இரண்டு, சீரகம், உப்பு சேர்த்துக் கரகரப்பாக அரையுங்கள். பொடியாக நறுக்கிய வெங்காயம், ஒரு கைப்பிடி முருங்கைக் கீரை, கறிவேப்பிலை கலந்து, அடையாக வார்த்து ஓரத்தில் கால் ஸ்பூன் எண்ணெய் விட்டு எடுங்கள். புதினாத் துவையல் தொட்டுக்கொண்டு இரண்டு சாப்பிட்டால் ராத்திரி பசிக்கவே பசிக்காது.

சேலையும் கான்வாஸ் ஷூவும்

"வீட்டு வேலை செய்யறோமே, அது போதாதா?" என்று நானும்தான் கேட்டேன். அம்மியும் உரலும் கிணறும் இருந்த காலத்தில் போதும். இப்போது மிக்ஸியும் கிரைண்டரும் வாஷிங் மெஷினும் செய்கிறதை நாம் செய்ததாக எண்ணிக்கொள்கிறோம். நடை என்றால், பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது, அந்த வேகம். அதுதான் டாக்டரம்மா சொன்ன அளவு.

நடக்கும்போது என்ன நடக்கிறது தெரியுமா? வேலை செய்கிற தசை, இன்சுலின் மணிக்குக் காத்திராமல் கொல்லைக் கதவைத் தானே திறந்து சர்க்கரையை வாங்கிக்கொள்கிறது! அந்தப் பலன் ஓரிரண்டு நாள் வரை நீடிக்கும். ஆகவே இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. சாப்பிட்டபின் பத்து நிமிஷம் நடந்தாலும் அந்த வேளைச் சர்க்கரை குறைகிறது.

எங்கள் கும்பகோணத்தில் மகாமகக் குளம் இருக்கிறதே, நடப்பதற்கு அதைவிட நல்ல இடம் வேண்டுமா? ஆனால் முதல் நாள் தெருவில் இறங்க எனக்கு வெட்கம். சேலைக்குக் கீழே கான்வாஸ் ஷூ! காலை ஐந்தேகாலுக்குப் பால்காரரிலிருந்து கோலம் போடுகிறவர்கள் வரை, "எங்கே கிளம்பிட்டீங்க? யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார்கள். பெண்பிள்ளை காரணமில்லாமல் வெளியே போகக் கூடாதே! நாலாம் நாள் எதிர் வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். "எனக்கு முட்டி வலி" என்றார். "மெதுவா வாங்கக்கா, ஒரு சுத்து" என்றேன். இப்போது நாங்கள் ஐந்து பேர். மழை நாளில் மொட்டை மாடி, இல்லையென்றால் கூடம். வாரத்தில் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பதினைந்து தடவை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது பதினைந்து தடவை. தசை கூடினால் பாலை வாங்கிக்கொள்ளும் வீடுகள் கூடும் என்பது கணக்கு.

இன்னொன்று தூக்கம். ராத்திரி பதினொன்றரை வரை டி.வி., காலை நாலரைக்கு எழுந்திருப்பது என்று இருந்தேன். சில நாள் சரியாகத் தூங்காவிட்டாலே இன்சுலினுக்கு உடம்பு மசிவது குறைகிறதாம். இப்போது பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுகிறேன். நாடகத்தில் மாமியார் என்ன சூழ்ச்சி செய்தார் என்பதை என் அத்தை காலையில் சொல்லிவிடுகிறார்!

ஆறு மாதம் கழித்து

2024 மாசி மாதம் மறுபடி ரத்தம் கொடுத்தேன். எடை 63 கிலோ 500. இடுப்பு 87. வெறும் வயிற்றுச் சர்க்கரை 101. ஹெச்பிஏ1சி 5.8. டிரைகிளிசரைடு 150. ஹெச்.டி.எல். 40. மொத்தக் கொலஸ்ட்ரால் 205, எல்.டி.எல். 135. வாசற்படியைவிட்டு முழுசாக இறங்கவில்லை. ஆனால் முகம் தெருப்பக்கம் திரும்பிவிட்டது.

இங்கேதான் ஒரு விபரீதம் நடந்தது. என் கணக்கைப் பார்த்த என் வீட்டுக்காரருக்கு ஒரு யோசனை. அவரும் என்னோடு நடந்துகொண்டுதானே இருந்தார்! என்னிடம் சொல்லாமல் கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிட்டார். மாத்திரை அட்டை தீராமல் இருப்பதை நான் கவனிக்கவே இல்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், 96-ஆக இருந்த எல்.டி.எல். 162!

டாக்டரம்மா அன்று கோபித்த மாதிரி நான் பார்த்ததில்லை. "உங்க மனைவிக்குச் சர்க்கரை வியாதி வரலை. உங்களுக்கு வந்து எட்டு வருஷம் தாண்டிடுச்சு. ரத்தக் குழாய்க்குப் பாதுகாப்புதான் இந்த மாத்திரை. கணக்கு நல்லா இருந்தது மாத்திரையால. நடைங்கறது மாத்திரையோட சேர்த்து, மாத்திரைக்குப் பதிலா இல்லே" என்றார். எனக்கும் ஒரு குட்டு: "உங்க எல்.டி.எல்லும் இன்னும் ஒரு வருஷத்துல இறங்கலேன்னா, உங்களுக்கும் மாத்திரை வேணுமான்னு யோசிப்போம். அப்போ அதைத் தோல்வின்னு நினைக்கக் கூடாது. பரம்பரை ஈரல்லேயும் இருக்கு."

ஆட்டோவில் திரும்பும்போது அவர் பேசவே இல்லை. வீட்டுக்கு வந்ததும், "உனக்கு மட்டும் நடையிலேயே குறைஞ்சுதேன்னு…" என்று இழுத்தார். "எங்கம்மா மாதிரி உங்களையும் தொலைக்க நான் தயாரா இல்லே" என்றேன். அன்றிலிருந்து ராத்திரி அவருடைய மாத்திரையை என் கையாலேயே கொடுக்கிறேன். வெந்தயத் தண்ணீர், கொய்யா இலைக் கஷாயம், எதிர் வீட்டில் சொன்ன பொடி என்று எதற்காகவும் டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் சோற்றை ஒரேயடியாகக் குறைத்தாலும், விரதம் இருந்தாலும் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். முதலில் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். பிள்ளைத்தாய்ச்சிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் எடை குறைக்கிறேன் என்று பட்டினி கிடக்கவே கூடாது. நடக்கும்போது நெஞ்சு அழுத்தம், தாடை வலி, வழக்கமில்லாத மூச்சிரைப்பு என்று ஏதாவது வந்தால் "வாயு" என்று ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பெண்களுக்கு மாரடைப்பு இப்படியும் வரும்.

கடைசியாக என் மகள். நாலு கிலோவுக்குப் பிறந்த ராஜாத்தி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அவளுக்கு மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருகிறது, முகத்தில் ரோமம். காட்டியதில் சினைப்பையில் நீர்க்கட்டிப் பிரச்சினை என்றார்கள். அதற்கும் இந்த இன்சுலின் சங்கதிக்கும் நெருங்கிய தொடர்பாம். என் கர்ப்ப காலத்துச் சர்க்கரை அவளையும் ஓரளவு தொடருமாம். கேட்டபோது நெஞ்சு கனத்தது. ஆனால் பரம்பரையாக நோய் மட்டுமா வரும், பழக்கமும்தானே வருகிறது? நின்றுகொண்டு சட்டியை வழிக்கும் பழக்கத்தை என் அம்மாவிடமிருந்து நான் வாங்கினேன். லீவில் வரும்போது என் மகளும் இப்போது ஐந்தேகாலுக்கு ஷூ மாட்டிக்கொண்டு என்னோடு குளத்தைச் சுற்றுகிறாள்.

பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் இரண்டு கரண்டி சாப்பிட்டேன். முந்திரியோடுதான்! மறுநாள் ஒரு சுற்று அதிகம் நடந்தேன். சாமியார் ஆகச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

இந்த இதழைப் படித்து முடித்ததும் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். தையல் பெட்டியிலிருந்து நாடாவை எடுத்து, மூச்சை உள்ளே இழுக்காமல், தொப்புளுக்குச் சற்று மேலே இடுப்பை அளந்து பாருங்கள். 80 சென்டிமீட்டரைத் தாண்டினால், வீட்டில் அடுத்தவருக்கு ரத்தப் பரிசோதனைக்குப் போகும் நாளிலேயே நீங்களும் கையை நீட்டிவிடுங்கள். இன்று மத்தியானம் உங்களுக்கும் ஒரு தட்டு வைத்து, உட்கார்ந்து, காய் போட்டுக்கொண்டு சாப்பிடுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.